நான் வெட்டிய ஓட்டை

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில். எங்களுக்கு மைதானம் என்றால் சயனைடு மேடுதான். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மாவு மாதிரியான கழிவை வருஷக்கணக்காகக் கொட்டியதில் அது குன்றாகவே ஆகிவிட்டது. காற்றடித்தால் சோற்றில் நறநறக்கும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். மேடு அப்படியே கிடக்கிறது. பிற்பாடு அதன்மேல் சினிமா எடுத்தார்கள், தியேட்டரில் எங்கள் ஊரே விசிலடித்தது.

அந்தக் கழிவு வெறும் மண்மேல் கிடக்கிறது என்பது, சவூதிக்கு வந்து, கசிவு மண்ணில் இறங்காமல் அடியில் ஷீட் விரிக்கும் லைனர் வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இங்கே தங்கம் புதிதல்ல. மஹத் அத் தஹப் என்ற ஊர்ப் பெயருக்கே தங்கத் தொட்டில் என்றுதான் பொருள். ஆனால் தண்ணீர் அருமை. அத் துவைஹி சுரங்கத்துக்குத் தாயிஃப் நகரின் சுத்திகரித்த கழிவுநீர் 400 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் நிலத்தடி நீரில் சயனைடு கலந்தால் என்ன ஆகும்?

எங்கள் சைட்டில் தாதுக்கல்லை உடைத்து மேடாகக் குவிப்பார்கள். தோட்டத்துச் சொட்டுநீர் மாதிரி, நீர்த்த சயனைடு கரைசலை அதன் மேல் விடுவார்கள். அது கல்லிடுக்கில் இறங்கி, தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வடிந்து குளத்துக்குப் போகும். மேட்டுக்கு அடியில் அதைத் தாங்குவது ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்பு ஷீட். குடிநீர்க் குழாய் செய்யும் அதே வகைப் பாலித்தீன். அதற்குக் கீழே இறுக்கிய களிமண். ஷீட் ஓட்டையானால் விஷத்தோடு முதலாளியின் தங்கமும் மண்ணுக்குள் போகும். அதனால்தான் என்னைப் போன்ற கியூசி, அதாவது தரம் பார்க்கும் ஆட்களுக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் எதிரி வெயில். 40 டிகிரி சூடு ஏறினால் 100 மீட்டர் ஷீட் கிட்டத்தட்ட இரண்டு முழம் நீண்டுவிடும். நீண்டது எங்கே போகும்? அலை அலையாகச் சுருக்கம் விழுந்து எழும்பும். அந்தச் சுருக்கம் கல்லின் பாரத்தில் மடிந்தால், மடிப்பில் விரிசல் விடும். கோடையில் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை செய்ய அரசே தடை போட்டிருக்கிறது. ஷீட்டோ அதற்கு முன்பே தொட முடியாதபடி கொதிக்கும். ஆகவே இரவில் விரிக்கிறோம். காற்று கிளம்பினால் ஷீட் பாய்மரம் மாதிரி தூக்கும், மண்மூட்டைகளோடு ஓடுவோம்.

இரண்டு ஷீட்டை இணைக்கும் மெஷின் நடுவில் ஒரு சந்து விட்டு இரட்டைக் கோடாக ஒட்டும். சந்தின் இரு முனையையும் அடைத்துக் காற்றடித்து, ஐந்து நிமிஷம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முள் அனுமதித்த அளவுக்கு மேல் இறங்கினால் ஒட்டு தேறவில்லை. அதோடு, சுமார் 150 மீட்டருக்கு ஒரு துண்டு வெட்டியெடுத்து மெஷினில் இழுத்துப் பார்க்க வேண்டும்: ஷீட் கிழியலாம், ஒட்டு பிரியக் கூடாது. நல்லாயிருக்கிறதா என்று பார்ப்பதற்கே நல்ல ஷீட்டில் ஓட்டை போடும் விசித்திரமான தொழில் இது. வெட்டிய இடத்தில் ஒட்டுத்துண்டு வைத்து, உருகிய பிளாஸ்டிக்கைச் சுற்றிலும் பிழிந்து அடைப்பார்கள். அதன்மேல் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சுவோம். நுரை கிளம்பினால் கசிவு.

ஆனால் பெரும்பாலான ஓட்டைகள் விழுவது நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய பிறகுதான். சுமார் 300 இடங்களை அலசி 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், சேதத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மேல்மூடிக் கல், மண் பரப்பும்போது நேர்ந்தது. புல்டோசர்க்காரர் ஒரு தடவை வெடுக்கென்று திருப்பினால் போதும். அவரை எந்நேரமும் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் பொறுமை கிடையாது.

அதற்காகத்தான் கல் பரப்பிய பிறகு மின்சாரச் சோதனை. பிளாஸ்டிக் வழியே மின்சாரம் போகாது. ஓட்டை இருந்தால் அதன் வழியாகக் கீழே இறங்கும். கல்லை நனைத்துவிட்டு, கருவியோடு வரிவரியாக நடந்தோம். மூன்றாம் நாள் ஒரு மூலையில் எண் எகிறியது. புல்டோசர்க்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டே நானும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவனும் கையாலேயே கல்லை அள்ளினோம். அடியில் ஓர் ஒட்டுத்துண்டு. ஓரத்தில் விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வளைவான மூலை என்பதால் கண்ணாடிப் பெட்டி அங்கே சரியாக உட்கார்ந்திருக்காது. யாரோ கண்ணாலேயே பார்த்துத் தேறியது என்று எழுதியிருக்க வேண்டும்.

தம்பி டார்ச்சை அருகில் பிடித்தான். வெள்ளை மார்க்கரில் தேதி, நேரம் இரவு 2.40, கீழே கையெழுத்து.

"அண்ணே, இது ஒங்க கையெழுத்து மாதிரியில்ல இருக்கு?" என்றான்.