உங்களுக்குத் தெரியுமா? எலுமிச்சையும் கரித்தூளும் பல்லுக்கு ஆகாது

சென்னையில் குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் பல்பொடிக்கான கருவேலம்பட்டைப் பொடியும் கிராம்பும் கிடைக்கும். வீட்டிலேயே பல்பொடி அரைப்பது தவறல்ல. அதில் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

பல்லின் மேற்பூச்சான எனாமல், வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு 2-ஐ ஒட்டியது! அதில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால், சாறு இளக்கியதை உப்பு சுரண்டிவிடும். கரித்தூள், சாம்பல், செங்கல் தூள் எல்லாமே சுரண்டுபவைதான். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. பல் கூச்சம் மட்டுமே மிஞ்சும்.

புகையிலை சேர்த்த பல்பொடிக்கும் பற்பசைக்கும் இந்தியாவில் 1992-லேயே தடை வந்துவிட்டது. வீட்டுப் பொடியிலும் அது கூடவே கூடாது. கிராம்பு எண்ணெயை அப்படியே தடவினால் ஈறு வெந்துவிடலாம்.

வாய் கொப்பளிக்க, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும். ஈறு வலிக்கு இதம். ஆனால் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு அதிலும் இல்லை, வீட்டுப் பொடியிலும் இல்லை. ஆகவே வீட்டுப் பொடியை விரும்புபவர்களும் இரவில் ஒருமுறையாவது ஃப்ளோரைடு பற்பசையால் பல் துலக்க வேண்டும்.