கற்ற சொற்களை மறக்கும் பெண் குழந்தைகள்... அம்மாக்கள் மீது பழி வேண்டாம்!

குழந்தை சிரிக்கிறாள், தவழ்கிறாள், 'அம்மா' என்று கூப்பிடுகிறாள். எல்லாம் சரியாகவே போகிறது. ஒன்றரை வயதையொட்டி, கற்ற சொற்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பொம்மையைப் பிடித்த கைகள், துணி பிழிவதுபோல ஓயாமல் பிசையத் தொடங்குகின்றன.

இதன் பெயர் 'ரெட் சிண்ட்ரோம்'. சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் மூளை வளர்ச்சிக் குறைபாடு. இதை முதலில் கவனித்தவர் வியன்னாவின் குழந்தைகள் நல மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட். 1966-ல் அவர் இதைப் பற்றி எழுதினார்.

காரணம் தெரிய இன்னும் 33 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் ஹூஸ்டனில் மருத்துவர் ஹுடா சோக்பியின் குழு, 1999-ல் அதைக் கண்டுபிடித்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள 'எம்.இ.சி.பி.2' என்ற ஒற்றை மரபணுவில் ஏற்படும் பிழைதான் அது.

அந்த மரபணு என்ன செய்கிறது?

மூளை செல்லில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று மேற்பார்வை பார்க்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. அந்தப் புரதம் சரியாக இல்லாவிட்டால் நரம்பு செல்கள் சிறுத்து, கிளைகள் குறைந்து, ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளாது. ஆனால், அவை செத்துப்போவதில்லை.

நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது. எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு, நோயுற்ற எலிகளில் அந்த மரபணுவை மீண்டும் இயங்கவைத்தபோது அறிகுறிகள் பெருமளவு குறைந்தன. அது 2007-ல். மனிதர்களுக்கான முதல் மருந்தான 'ட்ரோஃபினெடைடு'க்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி தந்தது. அது அறிகுறிகளைத்தான் குறைக்கும், நோயை நீக்காது. மரபணு சிகிச்சையிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் புரதம் அளவுக்கு மீறினாலும் மூளை பாதிக்கப்படும்.

'கர்ப்பத்துல என்ன சாப்பிட்டாளோ?' என்று அம்மாவைக் குறைசொல்வதில் அர்த்தமே இல்லை. பெரும்பாலும் இந்தப் பிழை பரம்பரையாக வருவதில்லை, தற்செயலாகப் புதிதாக ஏற்படுவது. அதுவும் பெரும்பாலும் அப்பாவின் விந்தணுவில். அதற்காக அவரையும் குறைசொல்ல முடியாது. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. மரபணு ஆலோசனையில் இதை உறுதிசெய்துகொள்ளலாம்.

பேசிய குழந்தை பேச்சை விட்டாலோ, கைகளைப் பயன்படுத்த மறந்தாலோ, 'போகப்போகச் சரியாகிடும்' என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் மரபணுப் பிழையைக் கண்டறியலாம். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் சீக்கிரம் தொடங்குவது நல்லது. பேச்சு போனாலும் இந்தக் குழந்தைகள் பலர் கண்களால் பேசுவார்கள். கவனித்துப் பாருங்கள்!