பாரதியாரும் காலவழுவமைதியும்

மாணவர்களே, காலவழுவமைதி என்னும் இலக்கணத்தை நன்னூலில் படித்திருப்பீர்கள். எறும்புகள் முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறுவதைக் கண்ட ஒருவன், "மழை பெய்தது" என்கிறான். மழை இனிமேல்தான் பெய்ய வேண்டும். ஆயினும் தெளிவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலமாகக் கூறுதல் வழுவன்று. இதற்கு வகுப்பில் நான் காட்டிய மற்றோர் எடுத்துக்காட்டு, பாரதியாரின் சுதந்திரப் பள்ளு. நாடு அந்நியர் கையிலிருந்தபோதே, விடுதலை கிடைத்துவிட்டதாக வைத்து அதனைப் பாடினார் அவர்.

இத்தெளிவு சுகவாழ்வில் விளைந்ததன்று. 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர்; எங்கள் தொழில் அவரைப் பெற்றது அவ்வளவு காலமே! அவ்வாண்டே சென்னை வந்து சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். பின்பு 'இந்தியா' இதழை நடத்தினார். 1908 இல் சிறைவாசம் நெருங்கவே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். அங்கே பத்தாண்டுகள். இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் வரத் தடை, வீட்டில் வறுமை, தெருவில் ஒற்றர். 1918 நவம்பரில் எல்லை கடந்ததும் கைதாகிக் கடலூரில் சிறைப்பட்டார். எறும்பு ஏறும் அடையாளம் இவற்றுள் எங்கே இருந்தது?

'பாரத தேசம்' என்னும் பாடலையும் பாருங்கள். குடை, கோணி, இரும்பாணி, காகிதம், கப்பல் என்று உற்பத்திப் பட்டியலே தருகிறார். ஆணியைப் பாட்டில் வைக்கக் கூசாத கவிஞர்! அங்கு வரும் வினைமுற்றுகளோ எதிர்காலத்துத் தன்மைப் பன்மை. விடுதலையை முடிந்ததாகப் பாடியவர், உழைப்பை முடிந்ததாகப் பாடவில்லை; அவ்வுழைப்பில் தம்மையும் சேர்த்துக்கொண்டார்.

காசிப் புலவர் பேச்சைக் காஞ்சியில் கேட்க ஒரு கருவி வேண்டும் என்பதும் அப்பாடலில் உண்டு. காஞ்சி, எங்கள் தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வழியாக ரயிலில் எட்டிவிடும் ஊர், காசியோ நெடுந்தொலைவு. பாரதியார் 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். வயது முப்பத்தெட்டு. மூன்றாண்டு கழித்து, 1924 இல், சென்னையில் ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. 1938 இல் அரசின் நிலையம் வந்தது. 1947 ஆகஸ்டில் விடுதலை வந்தபோது, அவருடைய பள்ளை டி. கே. பட்டம்மாள் பாடச் சென்னை வானொலியில் மக்கள் கேட்டனர்.

வங்கத்து ஆற்று மிகைநீரை நடுநாட்டு வயல்களுக்குக் கொணர்வதும் அவர் பட்டியலில் உள்ளது. அவ்வினைமுற்று இன்னும் எதிர்காலத்திலேயே நிற்கிறது.