கொல்லி ஓரியின் பாட்டும் கலைக்கல்வியும்

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றாகிய அரியூர் நாட்டினை எண்ணுவார்க்கு வல்வில் ஓரியின் நினைவும் உடனெழும். அவனை வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டினை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

பாணர் தலைவன் விறலியை விளித்துப் பாடத் தொடங்குங்கால் முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஆகியன அமைக்கப்பெறுகின்றன. இருபத்தொரு துறையும் முறையே பாடப்பெறுகின்றன. அவ்வெண்ணினைப் பழைய உரைகாரர் வலிவு, மெலிவு, சமம் என்னும் மூன்று தானத்தும் ஏழேழாக வகுத்து விளக்குவர். இசையறியா மாணாக்கன் அவ்வுரையை நெட்டுருச் செய்யலாம். பொருள் காணுதல் அரிது. யாமும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தோம் என ஒப்புக்கொள்கின்றோம்.

இக்குறையை நீக்க முயன்றார் விபுலாநந்த அடிகள். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டதாரி. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவி ஏற்றார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவரும் அவரே. இலக்கியச் சான்றும் கணக்கும் ஒருங்கே கொண்டு யாழின் இயல்பை ஆய்ந்த ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது; அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார்.

பள்ளி நடத்தும் பொறுப்பு ஆராய்ச்சிக்கு இடையூறு என்பாருளர். அடிகளின் வாழ்வு அதற்கு உடன்படவில்லை. இசையும் கணிதமும் வல்லார் ஒருவரைத் தமிழ் முதுகலை ஆய்வு நெறியாளருடன் அமர்த்துதல் இயலாததன்று. ஓரி பாட்டொன்றனையே முதற்பாடமாக வைத்துத் தொடங்கலாம்.