மாட்டுக் கொட்டகைத் தூசி செய்த வேலை

தூசி என்றாலே தும்மல், இருமல், ஆஸ்துமா என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறாய்? அமெரிக்காவில் ஒரு தூசி இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. கேட்கிறாயா?

முதலில், ஆஸ்துமா என்றால் என்ன? நாம் இழுக்கும் காற்று மெல்லிய குழாய்கள் வழியாக நுரையீரலுக்குள் போகிறது. சிலருக்கு அந்தக் குழாய்கள் வீங்கிச் சுருங்கிவிடும். சளியும் சேர்ந்துகொள்ளும். மூச்சு விடும்போது விசில் போலச் சத்தம் வரும். வீட்டில் இதை இழுப்பு என்பார்கள்.

ஏன் வீங்குகின்றன? நம் உடம்பைக் காக்கும் அணுக்கள் சில நேரம் வீணாகப் பதறுவதால்தான். பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்கும் பாட்டியைப் பார்த்துவிட்டு, புதுக் காவலாளி அவசர மணி அடித்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். புரிந்ததா? இனி அமெரிக்கா போவோம்.

அங்கே ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உண்டு. இருவரின் முன்னோரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆமிஷ் பிள்ளைகளில் 100-க்கு 5 பேருக்குத்தான் ஆஸ்துமா. ஹட்டரைட் பிள்ளைகளில் 21 பேருக்கு!

விவசாயம் செய்யும் விதம்தான் வேறு. ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை. குழந்தைகள் அங்கேயே ஓடியாடி வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணைகளோ பெரியவை, இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து தள்ளி இருப்பவை.

விஞ்ஞானிகள் இரு தரப்பு வீடுகளிலும் தூசி சேகரித்தார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசியில், பாக்டீரியாக்களிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற பொருள் கிட்டத்தட்ட 7 மடங்கு இருந்தது.

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தைக் கொடுத்து, சுண்டெலிகளுக்கு ஆஸ்துமா போன்ற நிலையை உண்டாக்கினார்கள். கூடவே ஆமிஷ் தூசியையும் மூக்கில் செலுத்தினார்கள். அந்த எலிகளின் மூச்சுக்குழாய்கள் அவ்வளவாக இறுகவில்லை! ஹட்டரைட் தூசி அப்படிக் காக்கவில்லை. இந்த முடிவுகள் 2016-இல் வெளிவந்தன.

சிறு வயதிலேயே பலவகை நுண்ணுயிரிகளோடு பழகிய உடம்பு வீணாகப் பதறுவதில்லை என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

"அப்படியானால் நானும் தூசியில் புரளலாமா?" என்கிறாயா? கெட்டிக்காரக் கேள்வி! ஆனால் கூடாது, கண்ணா. எல்லாத் தூசியும் ஒன்றல்ல என்று இப்போதுதானே பார்த்தோம்? ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைக்குத் தூசி தொல்லைதான். சிகரெட் புகையோ எந்தப் பிள்ளைக்கும் ஆகாது.

கொட்டகைத் தூசியில் எந்தப் பொருள் இப்படிக் காக்கிறது என்று தேடுகிறார்கள். அதை மட்டும் பிரித்தெடுத்தால், ஆஸ்துமா வருமுன் தடுக்கும் மருந்தாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே!