விரிசலைப் பிடித்து நிறுத்தும் இழைகள்

கனமான புத்தகங்களைத் தாங்கும் அலமாரிப் பலகை நாளடைவில் தொய்வதைப் பார்த்திருப்பீர்கள். புத்தகங்களை எடுத்த பின்னும் அது முழுமையாக நிமிராது. பாரத்தால் ஒரு பொருள் இப்படிச் சிறுகச் சிறுக நிரந்தரமாக உருமாறுவதே ‘ஊர்தல்’. வெப்பம் கூடினால் அது விரைவாகும். விமான இயந்திரத்துக்குள் இதுவே பெரிய கவலை.

2016இல் பயணச் சேவைக்கு வந்த லீப் இயந்திரத்தில், டர்பைன் தகடுகளைச் சுற்றியுள்ள வளையம் சிலிக்கான் கார்பைடு இழைகள் பொதிந்த செராமிக்கால் ஆனது. நிக்கல் கலப்புலோகத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். செராமிக்கில் நுண்விரிசல் விழுந்தாலும், இழைகள் அதன் இரு பக்கங்களையும் பிடித்துக்கொள்ளும். கடும் வெப்பத்தில் அந்த இழைகளே ஊர்ந்து நீண்டால்? விரிசல் அகலும், ஆக்சிஜன் உள்ளே புகுந்து இழைகளைக் கெடுக்கும்.

ஆகவே, இழை தயாரிக்கும்போதே அதிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்து, படிகத் துகள்களைப் பெரிதாக்குகிறார்கள். துகள்கள் பெரிதானால் அவற்றுக்கிடையிலான எல்லைகள் குறையும்; அணுக்கள் எளிதாக நகரும் வழிகளும் குறையும். இழை நீளாமல் இருந்தால்தான் விரிசல் வாய் திறக்காது.