திசையும் தடமும் – 9: இருநூறு மீட்டர் வடமேற்கே

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதையில், சோலை முடிந்து புல்சரிவு தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தால், நான் ஓடைக்குள் இருப்பதாகக் காட்டியது. சுற்றிலும் பார்த்தேன். காலடியில் காய்ந்த புல், இரண்டு பக்கமும் சரிவு, நட்டநடு முகடு. தண்ணீர் ஓடும் சத்தம்கூட இல்லை.

"என்ன சார், பெட்டி என்ன சொல்லுது?" என்றார் வழிகாட்ட வந்திருந்த வெள்ளகவிக்காரர்.

"நாம தண்ணிக்குள்ள நிக்கிறோமாம்ணே."

"நிக்கட்டும் சார். அடிக்கிற வெயிலுக்கு நல்லதுதானே."

செயற்கைக்கோள்கள் எவ்வளவு துல்லியமாக இடம் சொல்கின்றன என்று சென்ற வாரம்தான் பக்கம் பக்கமாக அளந்திருந்தேன். அன்றும் அவை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. வானம் திறந்து கிடந்தது. பிழை ஐந்து மீட்டருக்குள் என்று திரையின் ஓரத்தில் எண் இருந்தது. கோளாறு வரைபடத்தில். அதை உட்கார்ந்து தயாரித்து ஏற்றியவன் நானேதான்.

கருவி வாங்கினால் வரைபடமும் கூடவே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. கருவிக்குத் தெரிந்தவை அட்சம், தீர்க்கம், உயரம் என்ற மூன்று எண்கள் மட்டுமே. அந்த எண்களுக்கு அடியில் என்ன நிலம் இருக்கிறது என்பதை நாம்தான் கொடுக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது உள்ளே இருப்பது அடிப்படை வரைபடம்: கடற்கரை, நெடுஞ்சாலை, பெரிய ஊர். என்னுடையதில் கொடைக்கானல் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வெறும் மஞ்சள். இன்னும் பெரிதாக்கினால் 'ஓவர்ஜூம்' என்று எழுதிக் காட்டிவிட்டுக் கைவிரித்துவிடும். பழைய கருவியை மலிவாக வாங்குகிறவர்கள் பேட்டரி மூடியைக் கழற்றி, உள்ளே மைக்ரோ எஸ்டி அட்டைக்கு இடுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்மின் இட்ரெக்ஸ் 10-இல் அது கிடையாது, 20-இல் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

சரி, எதை ஏற்றுவது? காருக்கான சாலை வரைபடத்தை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வட்டக்கானலிலிருந்து கும்பக்கரை அருவிக்கு வழி கேட்டால், மலைச்சாலை வழியாகச் சமவெளிக்கு இறங்கி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகச் சொல்லும். சாலை வேண்டாம், நேராகப் போகிறேன் என்று அமைப்பை மாற்றினால், பாறை விளிம்பிலிருந்து பள்ளத்தாக்குக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடும். அதில் குரங்கு போகலாம். இன்னொன்று, சாலையோடு ஒட்டிக்கொள்ளும் வசதி ஒன்று அதில் இருக்கிறது. அதை அணைக்க மறந்தால், நீங்கள் காட்டுக்குள் நடக்கும்போதும் அம்புக்குறியை இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துச் சாலையில் வைக்கும்.

பெரும்பாலோருக்குப் போதுமானது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், காசு கிடையாது. அதைக் கைக்கருவிக்கு ஏற்ற கோப்பாக மாற்றித் தரும் தளங்களில், வேண்டிய கட்டங்களை மட்டும் பொறுக்கி இறக்கிக்கொள்ளலாம். குறை ஒன்றுதான்: யாரோ நடந்து பதிந்த இடத்தில்தான் பாதை இருக்கும். சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் டால்பின் மூக்குப் பக்கம் ஒற்றையடிப் பாதைகள் சிக்குக் கோலம் போட்டிருக்கும். அதைத் தாண்டி இறங்க இறங்க, திரை வெறிச்சோடிவிடும்.

பாதை இல்லாத இடத்தில் கைகொடுப்பவை சமஉயரக் கோடுகள். இலவச வரைபடங்களில் இருக்கும் கோடுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் எடுத்த உயரக் கணக்கு அது. முப்பது மீட்டருக்கு ஓர் எண். அந்தச் சல்லடையில் செங்குத்துப் பாறை சறுக்குமரமாகிவிடும், சோலை மரங்களின் தலையும் தரைக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோடுகள் நெருங்கி இருந்தால் அப்படியே நம்பிவிடுவேன், அங்கே இறங்குவதில்லை. கோடுகள் விலகி இருந்தால் நம்புவதில்லை, போய்ப் பார்ப்பேன்.

இந்தச் சந்தேகத்தால்தான் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாளுக்குப் போனேன். ஐம்பதாயிரத்தில் ஒன்று அளவு, இருபது மீட்டருக்கு ஒரு கோடு. மனிதர்கள் மலையேறி அளந்த தாள். கொடைக்கானல் 58 எஃப்/8-இல் இருக்கிறது. அந்தத் தாள் 77 டிகிரி 30 நிமிடத் தீர்க்கத்தோடு முடிந்துவிடும், கும்பக்கரை அடுத்த தாளான 58 எஃப்/12-க்குள். இரண்டையும் ஸ்கேன் செய்து, 1024-க்கு 1024 புள்ளித் துண்டுகளாக வெட்டி (துண்டு பெரிதானால் கருவி மங்கலாக்கிவிடும்), கூகுள் எர்த்தில் தாளின் நான்கு மூலைகளிலும் அச்சடித்திருந்த எண்களை அப்படியே கொடுத்து ஒட்டினேன். இரண்டு ராத்திரி வேலை. முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த 'அப்படியே'யில்தான் ஓடை புகுந்தது. பழைய தாள்கள் எவரெஸ்ட் கணக்கில் வரையப்பட்டவை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்கப் போனது அளவை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது அவருடைய தியோடலைட் கயிறு அறுந்து மோதி நசுங்கிய கதை தனியாக ஓர் அத்தியாயத்துக்கு ஆகும். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் வடிவத்துக்குத் தந்த கணக்கு இந்தியாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்று செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 பூமி முழுவதற்கும் தைத்தது. இரண்டிலும் பூமியின் நடுக்கோட்டு ஆரமே சுமார் 860 மீட்டர் வேறுபடும், மையமும் ஒரே இடத்தில் இல்லை. ஆகவே ஒரே பாறைக்கு இரண்டு கணக்கிலும் இரண்டு எண்கள். கொடைக்கானல் வட்டாரத்தில் அந்த விலகல் ஏறக்குறைய இருநூறு மீட்டர். எவரெஸ்ட் எண்களை டபிள்யூஜிஎஸ் எண்கள் என்று நினைத்து ஒட்டினால், முகட்டில் நிற்பவன் வடமேற்கே தள்ளிப்போய் விழுவான்.

தாளில் அது நாலு மில்லிமீட்டர். பென்சில் முனையை வைத்தால் மறைந்துவிடும். ஆனால் பழனி மலையில் இருநூறு மீட்டர் என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்த பள்ளத்துக்கும் உள்ள தூரம்.

கருவியின் அமைப்பில் 'டேட்டம்' என்று ஒரு வரி உண்டு, அதை இந்தியக் கணக்குக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். மாற்றிப் பார்த்தேன். திரையில் தெரியும் எண்கள் மாறின, அம்பு அசையவில்லை. காகிதத் தாளைக் கையில் விரித்து எண்களை ஒப்பிடுகிறவருக்கு அந்த வரி உதவும் (மறக்காமல் திருப்பி வைக்கவும்). ஒட்டிய படத்துக்கு உதவாது. மூலை எண்களை மாற்றிக் கணக்கிட்டு மறுபடி ஒட்ட வேண்டும், அல்லது ஏரிக்கரை, சாலைச் சந்திப்பு என்று இரண்டு இடங்களிலும் பளிச்சென்று தெரியும் புள்ளிகளை வைத்து நகர்த்த வேண்டும். இத்தனை பாடும் வேண்டாம் என்றால், 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் கணக்கிலேயே இருக்கின்றன. நில அளவைத் துறையின் தளத்தில் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். நான் இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அன்று முகட்டில் உட்கார்ந்தபடியே ஸ்கேன் தாளை அணைத்துவிட்டு, சமஉயரக் கோடு போட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எழுப்பினேன். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் எழுப்பி வையுங்கள். இரண்டும் விழித்திருந்தால் ஒன்று மற்றொன்றை மூடிக்கொள்ளும், எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. இந்த இரண்டாவது வரைபடம் என்னிடம் இருந்ததே அதிர்ஷ்டம். என் முந்தைய கருவி 'ஜிமேப்சப்' என்ற பெயரில் ஒரே ஒரு கோப்பைத்தான் படிக்கும். ஒரு முறை கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அதன்மேல் வேறொரு கோப்பை எழுதி, கேரளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேகமலைக்குப் போயிருக்கிறேன்.

புதிய படத்தில் அம்பு முகட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. பாதைதான் இல்லை. தடம் பதியும் வசதியைப் போட்டுவிட்டு அண்ணன் பின்னால் நடந்தேன். 2018 குரங்கணித் தீக்குப் பிறகு அனுமதி இல்லாமல், துணை இல்லாமல் இந்தக் காடுகளில் கால் வைக்கக் கூடாது. அந்த விதியில் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை.

பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் அவர் நின்றார். "இதக் குறிச்சுக்கோங்க சார். மழைக்காலத்துல ஆளு வழுக்குற எடம். வழுக்குப்பாறைன்னுதான் சொல்லுவோம்."

என் கருவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கேள்விக்குறியாக நிரப்பிவிடும். கட்டைவிரலால் குமிழைத் தள்ளித் தள்ளி ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகப் பொறுக்கினேன். 'ழு'வுக்கு மட்டும் மூன்று எழுத்து. முடித்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். எட்டாவது வரை ஊருக்கு வெளியே போய்ப் படித்தவராம். எழுத்துக் கூட்டி, "வஸுக்குப்பாறை" என்று வாசித்தார்.

"யாரு சார் இந்த வஸுக்கு?"